எண்ணெய் குடித்த பலகை

தூத்துக்குடி என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? முத்து என்பார்கள் சரித்திரம் படித்தவர்கள். உப்பு என்பார்கள் வீட்டுப் பெண்மணிகள். மக்ரூன் என்று கூவுவார்கள் குழந்தைகள். மூன்றும் சரியான விடைதான். ஆனால் ஊருக்கு வருகிறவர்கள் பனிமய மாதா கோவிலைப் பார்த்துவிட்டு, ரோச் பூங்காவில் காற்று வாங்கிவிட்டு, மக்ரூன் பொட்டலத்துடன் ரயிலேறி விடுகிறார்கள். கடற்கரையில் நடக்கும் ஒரு நல்ல வேடிக்கையைப் பார்க்க யாரும் நிற்பதில்லை. மரவள்ளத்துக்குக் கண்ணாடிச் சட்டை போடும் வேடிக்கை அது!

முத்துக் குளிப்பு இப்போது பழங்கதை. அரசாங்கத்தின் மேற்பார்வையில் இங்கே கடைசியாக முத்துக் குளித்தது 1955 முதல் 1961 வரையில்தான். 1974-ல் புதிய துறைமுகம் பெரிய துறைமுகங்களின் வரிசையில் சேர்ந்தது. பெரிய கப்பல்கள் அங்கே வந்து நின்றாலும், கரையோரத்து மக்களுக்குச் சோறு போடுவது சிறிய வள்ளந்தான். அந்த வள்ளத்தைக் கட்டுகிறவர்களுக்கு ஓடாவிகள் என்று பெயர். ஏராவைக் கிடத்தி, வங்குகளை நிறுத்தி, பலகைகளை வளைத்து இணைத்து, இடுக்குகளில் பஞ்சு திணித்துக் கலப்பற்று அடிப்பார்கள். பிறகு பலகைக்கு வயிறு நிறைய எண்ணெய் கொடுப்பார்கள். உப்பு நீர் உள்ளே போகாமல் பல தலைமுறைகளாகக் காத்து வந்தது அந்த எண்ணெய்.

இன்று அந்தப் பலகையின் மேல் 'பைபர்' போர்த்துகிறார்கள். கண்ணாடியை நூலாக இழுத்துத் துணியாகவும் பாயாகவும் செய்து, அதை ரெசின் என்ற பிசினில் தோய்த்து, படலம் படலமாக ஒட்டுகிறார்கள். சிப்பிக்குள் முத்து படலம் படலமாக வளருவது போலத்தான்! ஆனால் சிப்பிக்கு அவசரமில்லை, ஓடாவிக்கு உண்டு. ரெசினில் கேட்டலிஸ்ட் என்ற திரவத்தை நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு கலந்தால் போதும், அரை மணிக்குள் இறுகத் தொடங்கிவிடும். அதே ரெசினில் கலக்கும் கோபால்ட் மருந்தும் இந்தக் கேட்டலிஸ்டும் நேருக்கு நேர் சந்திக்கவே கூடாது. இரண்டையும் தனியாகச் சேர்த்தால் தீப்பற்றும், வெடிக்கவும் வெடிக்கும். மாமியார் மருமகளைப் போல ரெசின் நடுவில் நின்றால்தான் வீடு அமைதியாக இருக்கும்!

இனித்தான் சங்கடம். எந்த எண்ணெய் வள்ளத்தைக் காத்ததோ, அதே எண்ணெய் இப்போது பகையாகி நிற்கிறது. எண்ணெய் குடித்த பலகையில் ரெசின் பிடிக்காது. ஈரப் பலகையிலும் பிடிக்காது. பிடித்ததுபோலப் பாசாங்கு செய்யும், பளபளவென்று மின்னும். ஆறு மாதம் கழித்து எங்கோ ஓர் ஓரத்தில் வாய் பிளக்கும். அதன் வழியே கடல்நீர் புகுந்து, சட்டைக்கும் பலகைக்கும் நடுவில் குடியிருக்கும். வெளியே வள்ளம் புதுமாப்பிள்ளை; உள்ளே மரம் உளுத்துப் போகும்.

ஆகவே ஒட்டுகிற வேலையைவிட, ஒட்டுவதற்கு முன் செய்கிற வேலைதான் பெரிது. பழைய சாயத்தைச் சுரண்ட வேண்டும். நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவ வேண்டும். நாள் கணக்கில் உலர விட வேண்டும். மழை குறைந்த இந்த ஊரின் வெயிலும் கச்சான் காற்றும் உப்பளத்துக்கு மட்டுமல்ல, இதற்கும் உதவி. பிறகு இழைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஆணிக்குழிகளை அடைத்து, கூர்மையான விளிம்புகளை உருட்டி விடுவார்கள். கண்ணாடித் துணி கூர்முனையில் மடங்காது, தூக்கிக்கொள்ளும். கடைசியில் அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, தூசியைப் போக்க வேண்டும்.

இந்தக் கண்ணாடித் துணி கடலோடு நின்றுவிடவில்லை, ஆகாயத்திலும் ஏறியிருக்கிறது. அமெரிக்காவில் வீட்டுக் கொட்டகையிலேயே விமானம் கட்டிப் பறக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்காக பர்ட் ரூட்டன் என்பவர் 1975-ல் வேரி-ஈஸி என்ற சிறு விமானத்தைப் பறக்கவிட்டுக் காட்டினார். நுரைக்கட்டியை இறக்கை வடிவில் அறுத்து, அதன்மேல் கண்ணாடித் துணியை ஒட்டுவதுதான் அவருடைய முறை. அவருடைய லாங்-ஈஸி மாதிரியை ஒட்டி, பெங்களூரிலுள்ள தேசிய விமான ஆராய்ச்சிக்கூடத்தாரும் ஒரு விமானம் செய்து 1987-ல் பறக்கவிட்டார்கள்.

அங்கேயும் இதே கதைதான். அச்சில் வார்த்தெடுத்த மூக்கு மூடியோ, சக்கர உறையோ கண்ணாடி போல வழவழப்பாக வரும். அந்த வழவழப்பில் அச்சுக்குப் பூசிய மெழுகு ஒட்டியிருக்கும். அதைக் கழுவித் துடைத்து, பிறகு தேய்த்துச் சொரசொரப்பாக்காமல் ஒட்டினால் பிடிக்காது. பசை தொடுவதற்கு முன் வெறுமனே பொருத்திப் பார்ப்பார்கள், கழற்றுவார்கள், தேய்ப்பார்கள், மறுபடியும் பொருத்துவார்கள். சுத்தமாகிவிட்டதா என்று அறியத் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதும் உண்டு. நீர் படலமாகப் பரவினால் சரி. முத்து முத்தாகத் திரண்டால் இன்னும் பிசுக்கு இருக்கிறது. தோசைக்கல் கழுவுகிற எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த சாஸ்திரந்தான் இது!

இந்தத் தேய்ப்பு வேலை சுகமானதல்ல. கண்ணாடித் தூள் உடம்பில் பட்டால் அரிக்கும். நெஞ்சுக்குள் போனால் கெடுதல். மூக்குக்கும் கண்ணுக்கும் உறை போட்டுக்கொள்வது அவசியம். வெயிலில் வியர்க்கிறது என்று அதைக் கழற்றி வைக்கிறவர்கள் உண்டு. அவர்களுடைய நெஞ்சு அதற்கு விலை கொடுக்கிறது.

வேலை முடிந்த வள்ளத்தை விரலால் தட்டிக்கொண்டே வரும் ஓடாவியைக் கண்டால், "என்ன அண்ணாச்சி, தட்டித் தட்டிப் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் பிடித்திருக்கிறது. பொத்தென்று ஒலித்தால் உள்ளே காற்று. பொத்தென்ற இடத்தைப் பிரித்து மறுபடி ஒட்ட வேண்டும். ஒரு நாள் கூலி போகும். விடிகாலையில் அந்தப் பலகையை நம்பிக் கடலுக்குப் போகிறவனுக்கு உயிர் மிஞ்சும்.

வர்ணம் பூசியபின் இந்தப் பாடுகளில் ஒன்றும் வெளியே தெரியாது. அடுத்த தடவை தூத்துக்குடிக்குப் போனால் மக்ரூன் வாங்கிய கையோடு கரைக்கும் ஒரு நடை போய் வாருங்கள். வர்ணத்தைப் பார்க்காதீர்கள், வர்ணத்துக்கு முந்திய வேலையைப் பாருங்கள்.