மூன்று நீரில் ஒரு பலகை

கல்லடிப் பாலத்தின்மீது நின்று மட்டக்களப்பு வாவியைப் பார்த்தவர்கள் பலர். தோணியில் அமர்ந்து அதன் நடுவே சென்று பார்த்தவர்களும் உளர். ஆனால் அந்நீரின்மேல், ஏதோ வீட்டு முற்றத்தில் நிற்பவர்போல நிமிர்ந்து நின்றுகொண்டு, இரு கரைகளிலும் தென்னைகள் மெல்லப் பின்னே நகர்வதைக் காண்பது முற்றிலும் வேறான காட்சி. அக்காட்சிக்காக நான் வைகாசி, ஆனி ஆகிய இரு மாதங்களிலும் பட்ட பாட்டையும், அடைந்த இன்பத்தையும், என் அறியாமையால் நேரவிருந்த ஒரு பெருந் துன்பத்தையும் ஒளியாமல் இங்கே எழுதுகிறேன்.

வெளிநாட்டிலுள்ள நண்பர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது கொண்டுவந்து தந்த பொதி அது. அவிழ்த்துப் பார்த்தால் சுருட்டிய பாய்போன்ற ஒரு பொருள். அதனுடன் ஒரு காற்றுப்பம்பு, மூன்று துண்டாகக் கழற்றி வைத்த ஒரு துடுப்பு, சுருள்சுருளான ஒரு கயிறு. என் அக்கா அதைக் காலால் மெல்லத் தட்டிப் பார்த்து, “இதென்ன தம்பி, ஆஸ்பத்திரி மெத்தையா?” என்று கேட்டார். அவருடைய மகன், பதினைந்து வயதுப் பையன், அதற்குள் பம்பைக் கையில் எடுத்துவிட்டான்.

‘பாடில் போட்’ என்று சொல்லப்படும் இப்பலகை, காற்று நிரம்பியபின் 10 அடி 6 அங்குல நீளமும், 32 அங்குல அகலமும், 6 அங்குலத் தடிப்பும் உடையது. மேல்துணியையும் அடித்துணியையும் உள்ளே ஆயிரக்கணக்கான நூல்கள் ஒன்றோடொன்று பிணைத்து நிற்பதனால், எவ்வளவு காற்றடித்தாலும் அது பந்துபோல் உருளாமல் பலகைபோல் தட்டையாகவே விறைக்கின்றது. சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 15 இறாத்தல் அழுத்தம் வேண்டும். மோட்டார் வண்டிச் சக்கரத்திலுள்ள காற்றின் அழுத்தத்தில் இது அரைவாசி. அரைவாசிதானே என்று இளக்காரமாக எண்ணியவன் நான். கடைசி நூறு தடவை பம்பை அழுத்துவதற்குள் எனக்கு முதுகு முறிந்துவிட்டது. பையனோ சிரித்துக்கொண்டே அழுத்தினான்.

இவ்விளையாட்டு ஹவாய்த் தீவுகளில் உருவாயிற்று. வைக்கிக்கிக் கடற்கரையில் அலைச்சறுக்கல் பழக்கியவர்கள் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே, பலகைமீது நின்று துடுப்பு வலித்தபடி தம் மாணாக்கரைக் கண்காணித்தார்களாம். பின்னர் 2000 ஆம் ஆண்டையொட்டி லேயார்ட் ஹமில்டன், டேவ் கலாமா போன்ற அலைவீரர்கள் இதற்குப் புத்துயிர் கொடுக்க, உலகெங்கும் பரவிற்று. இதனை நான் பெருமையாக எடுத்துரைத்தபோது, வாவிக்கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் கேட்டார்: “நாங்க தோணியில நின்டுதானே மகன் கம்பு ஊன்டுறம்? இதில என்ன புதினம் இரிக்கு?” எனக்கு விடை கிடைக்கவில்லை. அன்று தொடங்கி அவரே எங்களுக்குக் குருவானார்.

முதல் நாள் விடியற்காலை ஐந்தே முக்கால் மணி. வாவி எண்ணெய் தடவிய கண்ணாடிபோலக் கிடந்தது. சுமார் 56 கிலோமீற்றர் நீளமுள்ள இவ்வுப்பாற்றில், காற்று எழுவதற்கு முன்னுள்ள அந்த ஒன்றரை மணி நேரமே புதியவர்களுக்கு உரிய நேரம். முழந்தாளிட்டு ஏறி, நாலு தடவை துடுப்பை வலித்து, பலகை ஓடத் தொடங்கியபின் ஒவ்வொரு காலாக ஊன்றி எழவேண்டும். ஓடாத பலகையில் எழுவது கடினம். ஓடாத சைக்கிளில் ஏறி நிற்பதுபோல. எழுந்தவுடன் எவரும் செய்யும் தவறு, தம் பாதங்களைப் பார்ப்பது. நான் பார்த்தேன், விழுந்தேன். இரண்டாம் முறையும் பார்த்தேன். இரண்டாம் முறையும் விழுந்தேன். தூரத்துக் கரையைப் பார்த்து நின்றபோதுதான் கால்கள் தம் தொழிலைத் தாமே செய்துகொண்டன.

நின்றுவிட்டேன், ஆனால் பலகை நேரே போகவில்லை. துடுப்பின் அகப்பை சற்று வளைந்திருக்கும். அவ்வளைவு முன்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும் என்பது விதி. கறியை அள்ளும் அகப்பையைப் பிடிப்பதுபோல் நான் அதை என் பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருந்தேன். கரையிலிருந்த முதியவர் நெடுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “மகன், மறுபக்கம் திருப்பிப் பிடிங்க” என்றார். அவர் அத்தகைய துடுப்பை அதற்கு முன் கண்டதில்லை. நீரை எப்பக்கத்தால் தள்ளவேண்டும் என்பதை மாத்திரம் அறிந்திருந்தார்.

வாவியில் கற்ற வேறு இரண்டு பாடங்களும் உண்டு. ஒன்று, பலகையின் அடியில் மீன்செட்டைபோல ஒரு செட்டை இருக்கிறது. பலகை நேராக ஓடுவது அதனால்தான். அதுவே வலையிலும் சிக்கும். ஓர் இறால் வலையில் எங்கள் செட்டை மாட்டிக்கொண்டபோது, அவ்வலைக்குரியவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் மனம் ஆறியிருக்கும். அன்று முதல் வலைக்கம்புகள் தெரியுமிடத்தை வெகுதூரம் விலகியே சென்றோம். மற்றையது, இவ்வாவியில் முதலைகள் உண்டு. எந்த மூலையில் அவை நடமாடுகின்றன என்பதை அங்கே தினமும் தொழில் செய்பவரிடம் கேளாமல் பலகையை நீரில் போடுவது மடமை.

இரண்டாவது நீர் முகத்துவாரம். 1913 ஆம் ஆண்டில் எழுந்த பாலமீன்மடு வெளிச்சவீட்டிற்கு அண்மையில், வாவியும் கடலும் கூடுமிடம் அது. நாங்கள் சென்றபோது மணல்மேடு வாயை முற்றாக அடைத்துவிடவில்லை. ஒடுங்கிய ஒரு வழியாக வாவிநீர் கடலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. மேலே பார்த்தால் அமைதி. பலகையை வைத்தவுடனே, யாரோ அடியிலிருந்து கயிறு கட்டி இழுப்பதுபோல் அது கடற்பக்கம் திரும்பிற்று. எதிர்த்து வலித்து, நின்ற இடத்திலேயே நின்று, பின் பக்கவாட்டில் கரையேறினோம். பத்து நிமிடத்திற்கு மேல் அங்கே நான் நிற்கவில்லை. அதைப்பற்றி எழுதவும் வேறொன்றுமில்லை.

அடுத்தது பாசிக்குடா. மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர். நெடுந்தூரம் நடந்து சென்றாலும் நீர் மார்பளவைத் தாண்டாத அக்குடாவைப்பற்றி நம் வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. உப்புநீர் நன்னீரினும் சற்றுப் பாரமானதாகையால் பலகை ஒரு நூலளவு உயர்ந்து மிதக்கின்றது. அடியில் மணலும் அதன்மீது எங்கள் நிழலும் தெளிவாகத் தெரிந்தன. அலையென்று சொல்லத்தக்க அலை இல்லை. சிற்றலை வரும்போது முழங்காலைத் தளர்த்தி, பலகையின் மூக்கை அதற்கு நேரே பிடித்து, துடுப்பை நீரிலிருந்து எடாமல் வலித்தால் போதும். நீரிலிருக்கும் துடுப்பு மூன்றாவது கால்.

எங்கள் குரு முதல்நாளே எச்சரித்திருந்தார். “கச்சான் வீசுற காலம். கரையிலிருந்து கடலுக்குப் போற காத்து. அந்த நேரம் கடல் சும்மா படுத்துக் கிடக்கிற மாதிரித்தான் இரிக்கும். நம்பிடாதீங்க.” நான் தலையாட்டினேன். தலையாட்டுவதற்கும் விளங்கிக்கொள்வதற்கும் இடையிலுள்ள தூரத்தை மறுநாள் காலை பத்து மணிக்கு அறிந்தேன்.

கச்சான் என்பது தென்மேல் பருவக்காற்றின் மறுமுகம். அது மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையை இறக்கிவிட்டு, மலையைக் கடந்து இறங்கும்போது சூடேறி, ஈரம் வற்றிக் கிழக்குக் கரைக்கு வருகின்றது. காற்று அலையை எழுப்புவதற்கு நீரின்மேல் ஓட இடம் வேண்டும். கரையிலிருந்து புறப்படும் காற்றுக்குக் கரையோரத்தில் அந்த இடம் இல்லை. ஆகவே நிற்பவன் கண்ணுக்குக் கடல் தட்டையாகவே தோன்றும். அலையெல்லாம் தூரத்தில் இருக்கும்.

பையன் பலகைமீது நின்றான். அவன் முதுகே பாயாயிற்று. துடுப்பு வலியாமலே பலகை ஓடியது. “மாமா, பாருங்கோ!” என்று ஒருமுறை திரும்பிக் கூவினான். நானும் கரையில் நின்று கை தட்டினேன். இதை எழுதும்போது அக்கைத்தட்டல் எனக்கு வெட்கத்தைத் தருகின்றது. ஐந்து நிமிடத்தில் அவன் உருவம் பாதியாகக் குறுகிவிட்டது. திரும்ப முயன்றான். பலகை அரைவட்டம் சுற்றி மீண்டும் கடலை நோக்கியது. இன்னொரு முறை முயன்று விழுந்தான். விழுந்தவன் எழுந்து ஏறியதைக் கண்ட பின்னரே எனக்கு மூச்சு வந்தது.

அவன் ஏதோ கத்தினான், எனக்குக் கேட்கவில்லை. காற்று அவனிடமிருந்து எதனையும் கரைக்குக் கொண்டுவர மறுத்தது. ஆனால் என் குரலை அதே காற்று அவனிடம் சுமந்து சென்றிருக்கின்றது. “படுத்துக்கொள்! நிற்காதே! படுத்துக்கொண்டு கையால் வலி!” என்று தொண்டை கிழியக் கூவினேன். அவன் படுத்தான். படுத்தவுடன் பாய் இறக்கிய தோணிபோலப் பலகையின் ஓட்டம் தணிந்தது. துடுப்பை மார்பின் கீழ் வைத்து இரு கைகளாலும் நீரைத் தள்ளினான். கரைக்கு வரவில்லை, ஆயினும் முன்போல் விரைந்து விலகவுமில்லை.

பவளப்பாறை காட்டுவதற்காக உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் இயந்திரப் படகொன்று கரையில் நின்றது. அதன் ஓட்டுநர் நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. ஏறத்தாழ இருபது நிமிடத்தில் பையனும் பலகையும் கரை சேர்ந்தார்கள். பணம் எவ்வளவு என்று கேட்டேன். அந்த இளைஞர், “தம்பிக்கு முதல்ல தண்ணி குடுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பையனின் கணுக்காலில் அச்சுருள் கயிறு இன்னும் கட்டியபடியே இருந்தது. விழுந்தபோது பலகை அவனை விட்டுக் காற்றோடு ஓடாமல் காத்தது அது ஒன்றே. அன்று காலை அவன் அதைக் கட்ட மறுத்தான் என்பதையும், “இந்த ஆழமில்லாத நீரில் எதற்கு?” என்று நானும் அரைமனத்தோடு ஒத்துக்கொண்டேன் என்பதையும் சொல்லவேண்டும். குரு கட்டச் சொன்னாரே என்ற ஒரே கூச்சத்தினாலேயே கடைசி நேரத்தில் கட்டினோம்.

திரும்பும் வழியெல்லாம் என் சிந்தை அக்காவைப்பற்றியே இருந்தது. 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை, கல்லடியில் அவர் வாழ்ந்த வீட்டையும் அவருடைய மாமியாரையும் கொண்டுபோயிற்று. அதன்பின் அவர் கடற்கரைக்குச் சென்றதில்லை. வாவிக்கரைப் பாதையில் நடப்பார், நீரண்டை இறங்கமாட்டார். அப்படிப்பட்டவர் தன் ஒரே மகனை என்னை நம்பி அனுப்பியிருந்தார். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நான் தடுமாறிக்கொண்டிருக்க, பையன் படலையைத் திறந்தவுடனேயே எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டான்.

அக்கா அடுப்படியில் நின்றபடி கேட்டார். இடையில் ஒரு சொல்லும் பேசவில்லை. முடிந்தபின் என்னைப் பார்த்து, “கயிறு கட்டியிருந்தவனா?” என்று மாத்திரம் கேட்டார். “ஓம் அக்கா” என்றேன். அவர் சோற்றுப் பானையை இறக்கி வைத்தார். நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், “இனிமேல் கடலுக்கு வேண்டாம். வாவியில், நீயும் பக்கத்தில் தோணியில் இருந்தால் போகட்டும்” என்றார். பலகையைச் சுருட்டிப் பரணில் போடச் சொல்வார் என்று எதிர்பார்த்திருந்த எனக்கு அது பெரும் வியப்பு.

ஆனிப் பூரணை வந்தது. போயா விடுமுறை. வாவியின் பாடும் மீன்களைப்பற்றி அறியாதார் இல்லை. 1848 ஆம் ஆண்டில் இங்கு வந்த எமர்சன் ரெனன்ற் இரவில் தோணியில் சென்று அவ்வொலியைக் கேட்டதையும், தோணியின் மரத்தில் செவியை வைத்தபோது அது பெருகியதையும் எழுதி வைத்திருக்கிறார். பாடுவது மீனா, ஊரியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. துடுப்பின் ஒரு முனையை நீரில் ஆழ்த்தி, மறுமுனையில் காதை வைப்பதே இவ்வூரவர் முறை.

1924 ஆம் ஆண்டில் கட்டிய பழைய இரும்புப் பாலத்திற்குச் சற்று அப்பால், பையன் பலகையை நிறுத்தி முழந்தாளிட்டிருந்தான். குருவின் தோணியில் நான் அருகே இருந்தேன். 2013 ஆம் ஆண்டில் திறந்த புதிய பாலத்தில் வண்டிகள் ஓடும் இரைச்சல் ஓய மணி பதினொன்றாயிற்று. பையன் துடுப்பை நீரில் இறக்கிக் காதை வைத்தான். நெடுநேரம் அசையவில்லை. பின் துடுப்பை எடுத்துக்கொண்டு, ஒரு சொல்லும் பேசாமல் கரையை நோக்கி வலித்தான்.

கரையில் அக்கா தேநீர்ப் போத்தலோடு வந்து நின்றதை நான் அப்போதுதான் கண்டேன். அவர் பலகையில் ஏறவில்லை. ஏறும்படி எவரும் கேட்கவுமில்லை. மகன் நீட்டிய துடுப்பை வாங்கி, கரைக் கற்களில் ஒவ்வொரு படியாக இறங்கி, பாதம் நனையும் இடத்தில் நின்று, அதை மெல்ல நீருக்குள் விட்டார். சேலைத் தலைப்பை ஒதுக்கிவிட்டுப் பிடியில் காதை வைத்தார்.

“கேட்குதா அம்மா?” என்றான் பையன்.

அவர் கையை உயர்த்தி, பேசாதே என்று சைகை காட்டினார்.