டிஃபென்ஸ் போச்சா மாமா?

காசிமேட்டில் அவரை 'பேக்கு' என்று கூப்பிட்டால் கோபப்பட மாட்டார். மற்ற இடங்களில் அது திட்டு. அவரோடு ஆடியவர்களுக்கு அது ஒரு பொசிஷன்: ஸ்டாப்பர் பேக். ஏரியா டீமில் இருபது வருடம் பின்வரிசையில் நின்றவர், இப்போது ஐம்பதைத் தாண்டி, மீன்பிடித் துறைமுகத்தில் வலை பழுது பார்க்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும். கடலுக்குப் போகிறவர்களுக்கு வேலை இருக்காது, பேச்சு இருக்கும். வலை வேலை செய்பவருக்கு அப்போதுதான் கை நிறைய வேலை. அவரைச் சுற்றி உட்கார்ந்துதான் ஊர் ஃபுட்பால் முழுவதும் அலசப்படும்.

அந்தப் பேச்சில் அவருக்குப் பிடிக்காத வாக்கியம் ஒன்று உண்டு. "டிஃபென்ஸ் போச்சு." எந்த டீம் நாலு கோல் வாங்கினாலும், ஐரோப்பாவோ சென்னையோ, இரண்டே வார்த்தையில் கேஸை முடித்துவிடுவார்கள். இந்த முறை அதைச் சொன்னது அவருடைய அக்கா மகனே.

பையன் கல்லூரி டீமில் ஸ்டாப்பர். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்தவன். டீமில் இருக்கும்வரை ஃபீஸில் பெரிய பகுதி தள்ளுபடி. அவன் சேர்ந்த முதல் வருடம் அந்த டீமை யாராலும் அசைக்க முடியவில்லை. கோல் போடுவதை விடுங்கள், எதிரணி பெனால்டி பாக்ஸுக்குள் வருவதே அபூர்வம். இரண்டாம் வருடம் எல்லாம் தலைகீழ். பிப்ரவரியில் ஒரே மேட்சில் நாலு கோல். அடுத்த மேட்சில் அவன் பெஞ்சில். ஜூலையில் புது செலக்‌ஷன்.

"பேக் லைன் வீக்காயிடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க மாமா. எனக்கும் அப்டித்தான் தோணுது."

"எல்லாரும் சொல்றது இருக்கட்டும்டா மாப்ள. சென்னையின் கதை தெரியுமா உனக்கு?"

தெரியாமல் என்ன? 2018 மார்ச் 17, பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா ஸ்டேடியம். ஐ.எஸ்.எல். ஃபைனல். ஒன்பதாவது நிமிடத்திலேயே சுனில் சேத்ரி கோல் அடித்துவிட்டார். அதற்குப் பிறகு சென்னையின் எஃப்.சி.யின் ஸ்டாப்பர் மைல்சன் ஆல்வெஸ் கார்னரில் வந்த பந்தைத் தலையால் முட்டி ஒன்று, அதேபோல் இன்னொன்று. ரஃபேல் அகஸ்டோ மூன்றாவது. கடைசியில் மிக்கு ஒன்றைத் திருப்ப, 3-2. 2015-க்குப் பிறகு சென்னைக்கு இரண்டாவது கோப்பை. தடுக்க வேண்டியவரே இரண்டு கோல் போட்டு ஜெயித்த ஃபைனல். அன்றைக்கு யாரும் டிஃபென்ஸ் பற்றிக் குறை சொல்லவில்லை.

அடுத்த சீசன் செப்டம்பர் 30-ல் அதே பெங்களூருவில் ஆரம்பித்தது. 0-1 தோல்வி. சென்னை வந்து கோவாவிடம் 1-3. பிறகு நார்த் ஈஸ்ட் யுனைடெட். நேரு ஸ்டேடியத்துக்குப் போனவர்களுக்கு அந்த ராத்திரி மறக்காது. முதல் பாதியில் 3-1 என்று முன்னணியில் இருந்த சாம்பியன் டீம், 3-4 என்று தோற்றது. ஒகபெச்சே ஹாட்ரிக். சீசன் முடிந்தபோது 18 மேட்ச், 2 வெற்றி, 13 தோல்வி, 9 புள்ளி. பத்து டீமில் பத்தாவது இடம். சாம்பியன் ஆன சீசனில் லீக் மேட்சுகளில் வாங்கிய கோல் 19. இதில் 32.

அப்போது பெரியமேடு கேலரியிலும் இதே வாக்கியம்தான். டிஃபென்ஸ் போச்சு.

போனதா? பின்வரிசையில் ஒரு செங்கல் கழன்றது உண்மை. மைல்சனோடு ஜோடியாக நின்ற போர்ச்சுகல்காரர் ஹென்ரிக் செரெனோ கிளப்பை விட்டுப் போயிருந்தார். ஆனால் மைல்சன் அதே மைல்சன்தான். கோச் அதே ஜான் கிரிகரிதான். பழைய ஆள் எலி சாபியா திரும்பி வந்திருந்தார். காணாமல் போன இன்னொருவர் பின்வரிசையிலேயே இல்லாதவர்: தனபால் கணேஷ்.

காசிமேட்டுக்காரர்களுக்கு அவர் பக்கத்து ஏரியா பையன். வியாசர்பாடி. மிட்ஃபீல்டில் பின்வரிசைக்கு முன்னால் நின்று, எதிரணியின் பந்தை அது ஸ்டாப்பர்களிடம் வருவதற்கு முன்பே பிடுங்குகிற வேலை. டி.வி.யில் ஹைலைட்ஸ் போட்டால் அந்த வேலை வராது. நடக்காமல் போன கோலை எந்த கேமராவும் காட்டுவதில்லையே! அவர் ஹைலைட்ஸில் வந்தது கோவாவுக்கு எதிரான 2018 செமி ஃபைனலின் இரண்டாவது மேட்சில். அவரும் ஒரு கோல் அடித்தார், ஜெஜே இரண்டு அடித்தார், 3-0. இதே கோவாதான் அந்த சீசனின் முதல் மேட்சில் சென்னை மண்ணில் முதல் பாதியிலேயே மூன்று கோல் அடித்து 3-2 என்று ஜெயித்திருந்தது. சாம்பியன் டீமின் சுவர் முதல் நாளிலிருந்தே சுவராக இருக்கவில்லை; நாலு மாதத்தில் கட்டப்பட்டது.

ஃபைனல் முடிந்த பிறகு கணேஷுக்கு முழங்கால் காயம். அடுத்த ஐ.எஸ்.எல். சீசன் முழுவதும் களத்தில் இல்லை. ஒரு இருபத்து நாலு வயசுப் பையனின் ஒரு முழங்காலால்தான் 13 தோல்வி என்றால் அது மிகை. செரெனோ போனது ஒரு பக்கம், அடித்த கோல் 24-லிருந்து 16 ஆகக் குறைந்தது இன்னொரு பக்கம். கோல் போட முடியாத டீம் எல்லோரையும் முன்னால் அனுப்பும். பின்னால் மைதானம் காலியாகக் கிடக்கும். ஆனால் பந்து தன்னிடம் வரும்போதே எதிரணியின் இரண்டு பேர் முழு வேகத்தில் ஓடிவருவதைப் பார்க்கும் ஸ்டாப்பருக்கும், நடந்து வருவதைப் பார்க்கும் ஸ்டாப்பருக்கும் உள்ள வித்தியாசம், அந்த இடத்தில் நின்றவருக்குத்தான் தெரியும். மாமாவுக்குத் தெரியும்.

இதே கதை இதைவிடப் பெரிதாக இங்கிலாந்தில் நடந்தது. 2015-16-ல் பிரீமியர் லீக்கை ஜெயித்து உலகத்தையே வாய்பிளக்க வைத்த லெஸ்டர் சிட்டி, 38 மேட்சில் வாங்கிய கோல் 36. வெஸ் மோர்கன், ராபர்ட் ஹூத் என்று இரண்டு மலைகள் பின்னால். அந்தக் கோடையில் மிட்ஃபீல்டர் என்கோலோ கான்டேயை செல்சி வாங்கியது. மலைகள் இரண்டும் அங்கேயேதான் இருந்தன. அடுத்த சீசனில் லெஸ்டர் வாங்கியது 63. முடித்தது 12-வது இடம். கான்டே போய்ச் சேர்ந்த செல்சியோ, 53-லிருந்து 33-க்கு இறங்கி சாம்பியன். அங்கே கோச்சும் ஆட்ட முறையும் மாறின, எல்லாப் புகழும் கான்டேவுக்கே போக முடியாது. இருந்தாலும் அந்த நாலு எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், முதல் பழியைப் பின்வரிசை மேல் போட மனசு வராது.

கோல் கணக்கு இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். 2019-20-ல் சென்னையின் பாதி வழியில் ஓவன் கோய்லைக் கோச்சாகக் கொண்டுவந்து, ஃபைனல் வரை போனது. அந்த லீக்கில் 18 மேட்சில் வாங்கியது 26 கோல். செமி ஃபைனலில் கோவாவிடம் இரண்டு மேட்சில் ஐந்து வாங்கியும், ஆறு அடித்ததால் பிழைத்தது. அதற்கடுத்த சீசனில் 20 மேட்சில் 23 தான். கணக்குப்படி டிஃபென்ஸ் நன்றாகத் தேறிவிட்டது. ஆனால் அடித்தது 17, ஜெயித்தது 3, டிரா 11, முடித்தது எட்டாவது இடம். எந்த டிஃபென்ஸ் நல்ல டிஃபென்ஸ்? ஓட்டை அதிகம் இருந்து ஃபைனல் போனதா, கதவைச் சாத்திக்கொண்டு எட்டாவதாக வந்ததா?

பையன் கேட்டுக்கொண்டிருந்தான். ஆனால் கான்டேயும் கணேஷும் அவனுக்கு ஃபீஸ் கட்டப்போவதில்லை.

"சரி மாமா, என் மேட்சுக்கு வா."

நாலு கோல் வாங்கிய மேட்சின் வீடியோ அவன் செல்ஃபோனில் முழுசாக இருந்தது. இதுவரை அவன் கோல்களை மட்டும்தான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறான். ஒவ்வொன்றிலும் கடைசியாக விழுந்து கிடப்பவன் அவன்தான். அதனால்தான் தன் மேலேயே நம்பிக்கை போய்விட்டது.

மாமா வலையை மடியிலிருந்து எடுத்து வைத்தார். "கோல் விழற இடத்தப் பாக்காத. அங்கேர்ந்து அரை நிமிஷம் பின்னால போ. பந்து யார் கால்லேர்ந்து போச்சுன்னு பாரு."

முதல் கோல். அரை நிமிடம் பின்னால். நடு மைதானத்தில் ஒரு சோம்பேறி பாஸ், பந்து பறிபோகிறது, மூன்று பேர் ஓடிவருகிறார்கள், எதிரில் இரண்டே பேர். இரண்டாவது கோல், கிட்டத்தட்ட அச்சு அசல். மூன்றாவதில் லெஃப்ட் பேக் முன்னால் போயிருக்கிறான். அவன் விட்ட இடத்தை மூடவேண்டிய மிட்ஃபீல்டர் நின்று வேடிக்கை பார்க்கிறான்.

"போன வருஷம் அந்த எடத்துல யாரு?"

"ஃபைனல் இயர் அண்ணன் ஒருத்தர். பாஸ் அவுட் ஆயிட்டாரு."

கல்லூரி டீமின் தலையெழுத்தே அதுதான். கிளப்பில் ஒரு ஆள் போனால் காசு கொடுத்து இன்னொருவரை வாங்கலாம். கல்லூரியில் ஒவ்வொரு ஏப்ரலிலும் டீமின் மூன்றில் ஒரு பங்கு டிகிரி வாங்கிக்கொண்டு போய்விடும். கேப்டன் போனால், கோல் அடிப்பவன் போனால் எல்லோருக்கும் தெரியும். சத்தமில்லாமல் பந்து பிடுங்கிக்கொண்டிருந்த அந்த அண்ணன் போனதை யாரும் கவனிக்கவே இல்லை. கிரவுண்டில் கோல் விழ ஆரம்பித்ததும், கோலுக்குப் பக்கத்தில் நின்றவனைப் பிடித்துக்கொண்டார்கள்.

நாலாவது கோலை மாமா மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார். பையனுக்குத் தெரியும் என்ன வரப்போகிறது என்று.

"இது உன்னுது."

"ஆமா."

"பந்தப் பாத்துனே நின்ன. ஆளு உன் முதுகுக்குப் பின்னால போனத திரும்பிப் பாக்கல. முப்பது வருஷமா இதத்தான் எல்லா பேக்கும் பண்றானுங்கோ. நானும் பண்ணிருக்கேன்."

"நாலுல ஒண்ணு மாமா."

"ஒண்ணுன்னா ஒண்ணுதான். அத மொதல்ல கோச்சுகிட்ட நீயே சொல்லு. மத்த மூணப் பத்தி அப்புறம் பேசு. மூணும் உன்னுது இல்லன்னு ஆரம்பிச்சா, காது குடுக்கமாட்டாரு."

பையனுக்கு அது உடனே பிடிக்கவில்லை. அவன் வந்தது தன் மேல் தப்பு இல்லை என்று கேட்க. கிடைத்தது கால் பங்கு தப்பு. ஆனால் வீட்டுக்குப் போன பிறகு மேட்சை முதல் நிமிடத்திலிருந்து மறுபடி ஓட்டினான். போன வருடம் ஜெயித்த ஒரு மேட்சின் வீடியோவையும் தேடி எடுத்தான். அதில் அந்த ஃபைனல் இயர் அண்ணன் நடு மைதானத்தில் பந்தைப் பிடுங்குவதை ஒரு நோட்டில் கோடு போட்டு எண்ண ஆரம்பித்தான். முதல் பாதி முடிவதற்குள் பதினான்கு கோடுகள்.

அந்த இடத்தில் இந்த வருடம் ஆடும் ஜூனியரின் நம்பர் அவனிடம் இருந்தது. கூப்பிட்டு, செலக்‌ஷனுக்கு முன் தினமும் சாயங்காலம் கிரவுண்டுக்கு வர முடியுமா என்று கேட்டான். எதற்கு என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும்.

"நீ எனக்கு முன்னால நிக்கணும். அவ்ளோதான். வா, சொல்றேன்."