அரைக் குப்பூஸ்

ஷார்ஜாவில் எங்கள் வீட்டு இரவுச் சாப்பாடு பெரும்பாலும் குப்பூஸ் ரொட்டியும் பருப்பும்தான். மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் ஒருநாள் கணக்கு நோட்டில் மூன்றில் ஒன்றைவிட நாலில் ஒன்று பெரியது என்று எழுதியிருந்தாள். கேட்டால், "மூணை விட நாலு பெரிசுதானேப்பா?" என்றாள்.

ஒரு குப்பூஸை மூன்றாகவும் இன்னொன்றை நாலாகவும் வெட்டித் தட்டுகளில் வைத்து, "எது வேணும்?" என்றேன். பின்னமே படிக்காத அவள் தம்பி முந்திக்கொண்டு மூன்றில் ஒரு துண்டை எடுத்தான். அவள் நோட்டைத் திறந்து விடையை அழித்தாள்.

அடுத்த குப்பூஸை அவள் வெட்டவில்லை. ஓரத்தை நகத்தால் கீறி, மேல் தோலையும் அடித் தோலையும் பிரித்து இரண்டு வட்டங்களாக விரித்தாள். கடும் சூட்டில் மாவுக்குள் ஆவி உப்புவதால் குப்பூஸ் இரண்டு அடுக்காகத்தான் வேகும். "இதுவும் அரைதானே?" வட்டம் குறையவில்லை, கனம்தான் குறைந்திருக்கிறது! எனக்கு அது தோன்றியதே இல்லை. தொட்டுப் பார்த்தவள், "அடிப்பக்கம் தடிமனா இருக்கு. அப்போ அரை இல்ல" என்று தானே சொல்லிவிட்டாள். சமமாக இல்லாதது பாதியாகாது என்பதைப் புத்தகத்தில் வண்ணமடித்த வட்டம் அவள் விரல்களுக்கு உணர்த்தியிருக்காது.

முக்காலைப் பள்ளியில் 'த்ரீ பை ஃபோர்' என்கிறார்கள். தமிழில் நாம் 'நாலில் மூன்று' என்கிறோம். முதலில் எத்தனை கூறு, பிறகு எத்தனை எடுத்தோம். குப்பூஸைப் பங்கு வைக்கும் வரிசையும் அதுவே. கால் பங்கை அரையாக்கினால் அரைக்கால், அதாவது எட்டில் ஒன்று. செய்முறை பெயரிலேயே இருக்கிறது. ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கும் இந்தச் சொற்கள் உதவும் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த ஊரில் கால் பங்கு எங்கும் கிடைக்கிறது. 100 ஃபில்ஸ் ஒரு திர்ஹாம் என்பதால் 25 ஃபில்ஸ் நாணயம் கால் திர்ஹாம். அரபியில் 'ருபு' என்றால் கால். லீவாவுக்குத் தெற்கே விரியும் ருபுல் காலி பாலைவனத்தின் பெயருக்கே 'வெறுமையான கால் பங்கு' என்றுதான் பொருள். அதைச் சொன்னபோது, "மீதி முக்கால் எங்கே?" என்று தம்பி கேட்டான்.

வளைகுடாவில் பிள்ளை வளர்ப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்று இரவு குப்பூஸைப் பிய்க்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள். பங்கு வைத்தவர் கடைசியாக எடுக்கட்டும்.