ஆணி பிடுங்கிய கதை

எனக்குக் கார் ஓட்டத் தெரியும். கார் நின்றுவிட்டால் இறங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதை முறைத்துப் பார்க்கத் தெரியும். அதற்கு மேல் எங்கள் பி.காம். சிலபஸில் கிடையாது. ஒரு கார் வருஷத்துக்கு எத்தனை சதவிகிதம் தேய்மானம் ஆகிறது என்று கேளுங்கள், பைசா சுத்தமாக எழுதித் தருகிறேன். தேய்ந்த டயரைக் கழற்றச் சொன்னால்... ஹி... ஹி... மன்னிக்கணும்.

போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. என் சகதர்மிணிக்கு ஒரு வேண்டுதல். சிங்கப்பெருமாள்கோவில் நரசிம்மரையும் ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜரையும் ஒரே நாளில் சேவித்துவிட வேண்டும். நரசிம்மரை முடித்துக்கொண்டு, மகளைப் பின்சீட்டில் ஏற்றி, ஒரகடம் வழியாகக் கிளம்பினோம்.

அந்தப் பக்கம் போகாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ உருண்டு வெளியே வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை திறந்தார்கள். 2012-ல் பாரத்பென்ஸ் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்டு. சரி, வண்டி செய்தால் போதுமா, டயர்? அதுவும் உண்டு. அப்பல்லோ 2010-ல் ஒரகடம் பக்கம் வந்தது, 2012-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜே.கே. டயர். சுற்றிலும் டயர், நடுவிலே கார்.

இப்பேர்ப்பட்ட புண்ணிய பூமியில்தான் என் கார் பஞ்சரானது.

ஆனது என்று சொல்வதுகூடத் தப்பு. நான்தான் ஆக்கினேன். ஒரகடம் கூட்டு ரோட்டில் டீ குடிக்க நிறுத்தியபோது, முன்பக்க இடது டயரில் பளபளவென்று ஒரு ஆணி. சும்மா இருப்பேனா? ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு ஆணி விஷயத்தில் என்ன பாடு பட்டார் என்று ஊருக்கே தெரியும். எனக்கு அந்த நேரம் பார்த்து ஞாபகம் வரவில்லை. சாவியால் நெம்பிப் பிடுங்கி, வீரத்தோடு தூர எறிந்தேன்.

என்னுடையது ட்யூப்லெஸ் டயர். அதில் ஆணி ஏறினால், அந்த ஆணியே தக்கை மாதிரி அடைத்துக்கொண்டு காற்றை மெள்ள மெள்ளத்தான் விடும். பிடுங்காமல் நிதானமாக ஓட்டிப் பக்கத்து பஞ்சர் கடைக்குப் போயிருக்கலாம். இதெல்லாம் பிற்பாடு வந்த ஞானம்.

மூன்று கிலோமீட்டர் போவதற்குள் ஸ்டியரிங் இடது பக்கம் இழுத்தது. சட்டென்று ஓரங்கட்டினேன். கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு எடை மேடை, பெரிய வாசல், நல்ல வெளிச்சம். அங்கே வரை உருட்டிப் போயிருக்கலாம். ஆனால் காற்றில்லாமல் ஓட்டினால் டயரும் ரிம்மும் சேர்ந்து போய்விடும், சில ஆயிரம் ரூபாய் தண்டம் என்று என் கணக்கு மூளை சொல்லிற்று. ஆகவே வலது பக்கச் சக்கரங்கள் தார் ரோட்டிலும், இடது பக்கச் சக்கரங்கள் மழையில் ஊறிய மண்ணிலுமாக, இருட்டுகிற நேரத்தில், கன்டெய்னர் டிரெய்லர்கள் பறக்கிற சாலையில் நிறுத்தினேன்.

“இத்தனை டயர் கம்பெனி இருக்கு, ஒரு பஞ்சர் கடை இல்லையாங்க?” என்றாள் மனைவி, ஸீட்டை விட்டு அசையாமல்.

“எதுக்குக் கடை? ஸ்டெப்னி இருக்கில்ல!” என்றேன் கெத்தாக.

ஸ்டெப்னி என்றதும் ஒரு சமாசாரம். வேல்ஸ் தேசத்து லனெல்லி என்ற ஊரில், ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-ல் கண்டுபிடித்த உபரிச் சக்கரம் அது. அந்தக் காலத்துக் கார்களில் உபரிச் சக்கரமே வராதாம். தெருப் பெயர் சக்கரத்துக்கு ஆகி, கப்பலேறி நம் மெக்கானிக் ஷெட் வரை வந்துவிட்டது. காலச் சக்கரம் பாருங்கள், 2020-ல் நம் மத்திய அரசு விதியைத் திருத்தி, ட்யூப்லெஸ் டயரும் காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கிற கருவியும் பஞ்சர் ஒட்டும் கிட்டும் இருக்கிற காருக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டது. புதுக் கார் வாங்கியவர்கள் டிக்கியைத் திறந்து, உள்ளே சக்கரம் இருக்கிறதா, டப்பா இருக்கிறதா என்று பார்த்துவிடுவது உத்தமம்.

என் டிக்கியில் சக்கரமே இருந்தது. ஸ்பேனர் மேல் ஏறிக் குதித்து நாலு நட்டையும் அசைத்தேன். ஈர மண்ணில் ஜாக்கியை வைத்துத் தூக்கினேன். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றியும் விட்டேன். மனைவியும் மகளும் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து மேற்பார்வை. “அப்பா சூப்பர்!” என்று மகள் கை தட்டிய அந்த விநாடி, ஒரு நட்டு கை நழுவிக் காருக்கு அடியில் உருண்டது. குப்புறப் படுத்துத் தோள்வரை கையை உள்ளே விட்டேன்.

“அண்ணே! கையை எடுங்கண்ணே! எடுங்க முதல்ல!”

அதட்டலில் தூக்கிவாரிப் போட்டது. பைக்கை நிறுத்திவிட்டு ஒரு பையன் ஓடி வந்தான். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயசு இருக்கும். கம்பெனி சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. ஷிஃப்ட் முடிந்து ரூமுக்குப் போகிறவன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “அக்கா, பாப்பாவைக் கூட்டிக்கிட்டு இறங்குங்க. ரோட்டுப் பக்கம் வேணாம், இந்தப் பக்கமா இறங்கி, கால்வாய் தாண்டிப் போய் நில்லுங்க” என்றான். கழற்றிய சக்கரத்தைப் படுக்கவைத்து, ஜாக்கிக்குப் பக்கத்தில் காருக்கு அடியில் காலால் தள்ளினான்.

“அதை ஏன் தம்பி உள்ளே தள்றே? அது பஞ்சரானது” என்று விவரமாகச் சொன்னேன்.

பதிலில்லை. டிக்கியைக் குடைந்து, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத சிவப்பு முக்கோணத்தை எடுத்தான். (அது என்னவோ கம்பெனிக்காரன் கொடுத்த அலங்காரச் சாமான் என்று நினைத்திருந்தேன்.) நாலு பக்கமும் கண் சிமிட்டுகிற விளக்கைப் போடச் சொல்லிவிட்டு, ரோட்டோரமாக ஐம்பது அறுபது அடி எடுத்து வைத்துப் போய், பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியும்படி முக்கோணத்தை நிறுத்தினான்.

அவன் திரும்பி வருவதற்குள் ஒரு டிரெய்லர் எங்களை உரசுகிற மாதிரி போயிற்று. அந்தக் காற்றில் கார் ஒரு குலுங்கு குலுங்கியது. ஈர மண்ணில் ஜாக்கி சாய்ந்தது. ‘தொம்’!

கார் அந்தப் பஞ்சரான சக்கரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டது. என் நட்டு இன்னும் அடியில்தான் கிடந்தது. என் கை வெளியே இருந்தது.

கால்வாய்க்கு அந்தப் பக்கமிருந்து மனைவி ஒரு சத்தமும் போடவில்லை. கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் முதல் தடவை.

பையன் ஆற அமர வேலையை ஆரம்பித்தான். ஓரத்தில் யாரோ போட்டிருந்த உடைந்த பேலட்டிலிருந்து ஒரு பலகையை உருவி வந்து, மண்ணைத் தட்டிச் சமமாக்கி, பலகை மேல் ஜாக்கியை வைத்தான். ஹேண்ட்பிரேக்கைச் சோதித்து, கியரில் போடச் சொன்னான். வலது பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல். “நட்டை லேசா அசைச்சுட்டு அப்புறம்தான் தூக்கணும், அதை மட்டும் சரியா செஞ்சிருக்கீங்க” என்று ஒரு சர்ட்டிபிகேட் கொடுத்தான். அடியில் இருந்த சக்கரத்தை உருவுவதற்கு முன்பே ஸ்டெப்னியை அந்த இடத்துக்கு உருட்டி வைத்துக்கொண்டான். நட்டுகளைக் கையால் திருகி, காரை இறக்கிய பிறகு ஸ்பேனர் போட்டான். ஒன்று முடுக்கினால், அடுத்து அதன் எதிர்ப்புறம். வரிசையாகப் போனால் சக்கரம் சரியாக உட்காராதாம்.

“எங்க லைன்ல மெஷின் நாலு நட்டையும் ஒரே நேரத்துல முடுக்கிடும் சார். சின்ன வண்டிக்குச் சுமாரா 100 நியூட்டன் மீட்டர்.”

நான் விழித்தேன். “ஒரு மீட்டர் கம்பி நுனியில 10 கிலோ தொங்கவிட்டா எவ்வளவு இழுக்கும், அவ்வளவு. ஸ்பேனர் மேல ஏறிக் குதிக்கவும் வேணாம், பூ மாதிரி திருகவும் வேணாம்.”

நாள் முழுக்கக் காருக்குச் சக்கரம் மாட்டுகிற வேலையாம் அவனுக்கு. கான்ட்ராக்ட். ஊர் செய்யாறு பக்கம்.

“சக்கரத்தை அடியில தள்ளணும்னு கம்பெனியில சொல்லிக் குடுத்தாங்களா?”

“இல்ல சார். எங்கப்பா லாரி கிளீனரா இருந்தாரு. அவருக்கு வலது கையில ரெண்டு விரல்தான்.”

நான் வாயை மூடிக்கொண்டேன்.

பணம் எடுத்து நீட்டினேன், வாங்கவில்லை. “தினம் எத்தனையோ வண்டிக்கு மாட்டறேன் சார். ரோட்ல ஒரு வண்டிக்கு மாட்டறது இதான் முதல் தடவை” என்று சிரித்தான். ஸ்டெப்னியை அழுத்திப் பார்த்தவன் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். “இதுலயும் காத்து கம்மி சார். மெள்ளப் போங்க. முதல்ல வர்ற பெட்ரோல் பங்க்ல பிடிச்சிருங்க, அங்கே காசு கேக்க மாட்டாங்க. ஒரு ஐம்பது கிலோமீட்டர் ஓடினப்புறம் நட்டை இன்னொரு தரம் முடுக்கிப் பாத்துடுங்க.”

அன்று ராமானுஜரைச் சேவித்தபோது எனக்கு வேண்டுதலே தோன்றவில்லை. கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ராத்திரி வீட்டில் கணக்குப் போட்டேன். ஒரு பக்கம் ரிம், சில ஆயிரம். இன்னொரு பக்கம் ஒரு கை, பின்சீட்டில் ஒரு குழந்தை. டீகூடக் குடிக்காமல் போன அந்தப் பையனை எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியவில்லை.

ஆகவே ஆபீஸ் நண்பர்களே, ரிம் போனால் போகட்டும், மெள்ள உருட்டி, சமமான, வெளிச்சமான, ரோட்டை விட்டு விலகிய இடத்துக்குப் போய்விடுங்கள். அப்படி இடமே இல்லையா? சக்கரத்தில் கை வைக்காதீர்கள். எல்லோரும் இறங்கித் தள்ளி நின்றுகொண்டு உதவிக்குக் கூப்பிடுங்கள். சென்னை-பெங்களூர் மாதிரி தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033, மற்ற இடத்தில் 112.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் அபார்ட்மென்ட் வாசலில், சமதளத்தில், நல்ல காரின் நல்ல சக்கரத்தைக் கழற்றித் திரும்ப மாட்டிப் பழகினேன். எதிர் ஃபிளாட் ரிட்டயர்டு தாசில்தார் பால்கனியிலிருந்து, “என்ன சார், பஞ்சரா?” என்றார்.

“இல்லை சார், ஹோம் ஒர்க்!” என்றாள் என் மகள், கார் நிழல்கூடப் படாத தூரத்தில் நின்றுகொண்டு.