மறதி வம்சத்தில் வருமா?

வத்திராயிருப்புப் பக்கம் வயதானவர் யாராவது பெயர் மறந்து தடுமாறினால், "அவங்க அப்பாவுக்கும் கடைசியில இப்படித்தான் ஆச்சு, வம்சத்துல இருக்கு" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். என் அம்மா கடைசி நான்கு வருடம் என்னைத் தன் தம்பி என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். பிளவக்கல் அணை வருவதற்கு முன் எந்த வயலுக்கு எந்த மடைத் தண்ணீர் என்று கேட்டால் மட்டும் பிசகாமல் சொல்வாள். எனக்கு இப்போது 71. வம்சப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் வயிற்றில் ஏதோ செய்கிறது.

அதனால் கொஞ்சம் தேடிப் படித்தேன். 19-ஆவது குரோமோசோமில் அபோ-ஈ என்று ஒரு மரபணு. கொழுப்பைச் சுமந்து செல்லும் புரதத்தைச் செய்வது அதன் வேலை. அதில் 2, 3, 4 என்று மூன்று வகை. நாலாம் வகைக்கும் அல்சைமர் நோய்க்கும் தொடர்பு இருப்பது 1993-இல் தெரியவந்தது. தாய் தகப்பனில் ஒருவரிடமிருந்து அது வந்தால் நோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு; இருவரிடமிருந்தும் வந்தால் இன்னும் பல மடங்கு. ஆனால் அது இருந்தும் கடைசி வரை தெளிவாக வாழ்பவர்கள் உண்டு. இல்லாமலே நோய் வந்தவர்களும் உண்டு.

டெல்லிக்குப் பக்கத்தில், ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் முதியவர்களைச் சோதித்து, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு பகுதியோடு ஒப்பிட்டார்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் கேள்விகளையே மாற்றி அமைத்தார்களாம். அந்தச் சிரத்தை எனக்குப் பிடித்திருந்தது. பல்லப்கரில் அல்சைமரும் குறைவு, நாலாம் வகையும் குறைவு. ஆனால் அந்த வகை உள்ளவர்களுக்கு, இரண்டு இடத்திலும் அது ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வேலை செய்தது.

டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன், 2007-இல் தன் மரபணுத் தொகுதியை உலகுக்கே திறந்து காட்டினார். இந்த ஒன்றை மட்டும் தனக்கும் சொல்ல வேண்டாம் என்றார். அவர் பாட்டிக்கு அல்சைமர். படித்ததும் சிரித்தேன்; அப்புறம் சிரிப்பு வரவில்லை.

என் தங்கைக்கு இதில் வேறு கருத்து. "எச்சிலை எடுத்து அனுப்புனா சொல்லிருவாங்களாம் அண்ணே. பிள்ளைகளுக்காவது தெரியணும்ல?" என்கிறாள். தெரிந்து அந்தப் பிள்ளைகள் நாற்பது வயதில் என்ன செய்வார்கள்? மரபணுவை மாற்ற மருந்து கிடையாது. லான்செட் குழு 2024-இல், நாம் கவனிக்கக்கூடிய 14 காரணங்களைச் சொன்னது. எல்லாவற்றையும் சரிசெய்தால் மறதி நோயில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியுமாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, தனிமை எல்லாம் அதில் உண்டு. கேளாமையும் உண்டு.

தங்கைக்கு இரண்டு வருடமாகக் காது மந்தம். கருவி வைத்தால் கிழவி மாதிரி இருக்குமாம். புதன்கிழமை அவளை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் காது டாக்டரிடம் கூட்டிப் போகிறேன்.