முதல் கிலோமீட்டரின் அவசரம்



நாற்பது வயதைக் கடந்த பின், மருத்துவரின் அறிவுரைப்படி ஓடத் தொடங்கினோம். சுப்ஹுத் தொழுகை முடிந்ததும் பதினான்கு வயது மகனும் நம்முடன் வருவான். சென்ற ஆண்டு இருவரும் 10 கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் ஒன்றில் பெயர் கொடுத்தோம். கிலோமீட்டருக்கு 6 நிமிடம், மொத்தம் ஒரு மணி நேரம் என்பது வீட்டில் பேசி வைத்த கணக்கு.

பந்தயம் தொடங்கியதும் கூட்டம் பாய்ந்தது, நாமும் பாய்ந்தோம். "வாப்பா, மெதுவா போங்க" என்று மகன் பின்னாலிருந்து கூறியது காதில் விழுந்தது. மாணவர்களுக்கு அன்றாடம் நிதானத்தைப் போதிக்கும் நாம் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் கிலோமீட்டர் 4 நிமிடம் 50 வினாடியில் முடிந்தது. ஆறாவதைத் தாண்டியதும் மூச்சு முட்டியது. கால்கள் கல்லாய்க் கனத்தன. ஏழாவதில் மகன் நம்மை எட்டிவிட்டான். முந்திச் செல்லாமல் நம் கையைப் பற்றி உடன் நடந்தான். ஒரு மணி நேரத்தில் அவன் முடித்திருக்க வேண்டிய ஓட்டம், நம்மால் 71 நிமிடமாயிற்று.

உடல் தாங்கும் அளவுக்கு மிஞ்சிய வேகம் தசைகளை விரைவில் சோர்வடையச் செய்கிறது. தொடக்கத்தில் மிச்சம் பிடித்த சில வினாடிகளுக்கு ஈடாக, இறுதியில் பல நிமிடங்களை இழக்கிறோம். பெரும் வீரர்களுக்கும் இதில் விலக்கில்லை. 2022 பெர்லின் மாரத்தானில் எலியுட் கிப்சோகே உலக சாதனையே படைத்தார். ஆயினும் முதற்பாதியை 59:51 நிமிடத்தில் கடந்த அவருக்கு மறுபாதிக்கு 61:18 நிமிடம் ஆயிற்று. மறு ஆண்டு சிகாகோவில் கெல்வின் கிப்டம் முதற்பாதியை 60:48 நிமிடத்திலும் மறுபாதியை அதனினும் விரைவாக 59:47 நிமிடத்திலும் ஓடி அச்சாதனையை முறியடித்தார்.

இவ்வாண்டு முதல் மூன்று கிலோமீட்டரை 6:10 வீதம், மகனுடன் பேசிக்கொண்டே ஓடினோம். பலர் முந்திச் சென்றனர். மனம் துடித்தது, அடக்கிக்கொண்டோம். நடு நான்கினை 6:00 வீதம் கடந்தோம். எட்டாவதில் வேகத்தைக் கூட்டியபோது, முன்பு நம்மை முந்தியவர்கள் சிலர் நடந்துகொண்டிருந்தனர். அவர்களிடத்தில் சென்ற ஆண்டின் நம்மையே கண்டோம்.

கடைசிக் கிலோமீட்டரில், "இனி நீ போ" என்றோம். மகன் ஒருமுறை நம் முகத்தைப் பார்த்துவிட்டுப் பறந்தான். நாம் 59 நிமிடம் 45 வினாடியில் முடித்தோம், அல்ஹம்துலில்லாஹ். எல்லைக்கோட்டில் அவன் நமக்காகத் தண்ணீருடன் காத்து நின்றான். சென்ற ஆண்டு நாம் அவனிடமிருந்து பறித்த நிமிடங்களில் சிலவற்றையேனும் திருப்பிக் கொடுத்தோம் என்ற நிறைவு நமக்குப் போதுமானது.