புல்லுக்கும் ஒரு கணக்கு உண்டு



பால் கறக்கத் தெரிந்தவர்கள் நம்மில் பலர் உண்டு. புல்லைப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? பள்ளிக்கூட வாசலை மிதிக்காத என் தகப்பனார் புல்லைப் படித்தார். பள்ளிக்கூடம் போன நான் ஒரே ஒரு நாள் அதைப் படிக்கத் தவறினேன். அந்தக் கதையைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அப்பா, அம்மா இருவரும் பால்மரம் வெட்டுகிறவர்கள். இருவர் சம்பளமும் அரிசிக்கும் கடைக் கடனுக்கும் சரியாகப் போய்விடும். ஈப்போவில் உறவினர் வீட்டில் தங்கிப் படித்துக் கொண்டிருந்த என் அக்காவின் படிப்புச் செலவை ஏற்றுக் கொண்டது யார் தெரியுமா? லட்சுமி என்ற எங்கள் பசுமாடுதான்.

லயத்துக்குப் பின்னால், ஓடைக் கரையில், அப்பா யானைப் புல் நட்டிருந்தார். நேப்பியர் புல் என்கிறார்களே, அதுதான். அந்த நிலத்தை எட்டுப் பாத்தியாகப் பிரித்திருந்தார். வாரத்துக்கு ஒரு பாத்தி அறுப்பார். எட்டாம் பாத்தியை அறுத்து முடிக்கும்போது முதல் பாத்தி மீண்டும் தயாராக நிற்கும். அடிக்கட்டையை ஒரு சாண் விட்டுத்தான் அறுக்க வேண்டும். மண்ணோடு அறுக்கக் கூடாது என்பார். அறுத்த இடத்தில் அன்றே சாணத்தைப் போட்டுவிடுவார்.

அவரிடம் ஒரு மூங்கில் குச்சி இருந்தது. அதில் மூன்று வெட்டு. முழங்கால் உயரத்தில் ஒன்று: அதற்குக் கீழ் உள்ள புல் இளசு, தண்ணீர்தான் அதிகம், மாடு கழியும். நெஞ்சளவில் ஒன்று: அதுவே அறுப்புப் பருவம். தலைக்கு மேல் ஒன்று: அதைத் தாண்டினால் தண்டு முற்றிச் சத்துக் குறைந்துவிடும். மாடு தின்னும், வயிறு நிறையும், பால் மட்டும் குறையும்.

"தம்பி, மாடு வாயால பேசாது. சொம்புலதான் பேசும்" என்பார். அவர் சொல்லச் சொல்ல நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதுவேன். எந்தப் பாத்தி, எத்தனை கட்டு, காலையில் எத்தனை போத்தல் பால். நாளுக்கு முப்பது கிலோவுக்கு மேல் பச்சைப் புல் தின்னும் பிராணிக்குக் கண்மூடித்தனமாகத் தீனி போட முடியுமா?

நம் பேராக்கில் பனிக்காலம் கிடையாது. அதனால் புல்லுக்குப் பருவம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை கொட்டும்போது புல் ஆறே வாரத்தில் நெஞ்சுக்கு வந்துவிடும். ரப்பர் மரம் இலை உதிர்க்கும் பிப்ரவரி வெயிலில் பத்து வாரமானாலும் வராது. மழைக்காலத்தில் மிஞ்சுவதைப் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் மாட்டுக்குக் கொடுப்போம். வெயில் காலத்தில் அவர் தம் வீட்டுப் பலா இலையை எங்களுக்குத் தருவார். இதுவும் அப்பாவின் கணக்கில் அடங்கியதுதான்.

1968-ஆம் வருடம், நவம்பர் மாதம். புல் அறுக்க என்னை ஓடைக்கு அனுப்பினார்கள். திடலில் பையன்கள் பந்து ஆடிக் கொண்டிருந்தார்கள். ஓடைக்குப் போய்வர நேரமாகும் என்று, பக்கத்துக் காட்டில் மர நிரையிலேயே நாலு கட்டு அறுத்துப் போட்டுவிட்டு ஓடிவிட்டேன். அந்த நிரைக்கு முதல் நாள்தான் மருந்து அடித்திருந்தார்கள். அம்மா காலையில் சொன்னது என் காதிலும் விழுந்திருந்தது. ஆனால் புல் இன்னும் பச்சையாகத்தானே இருந்தது!

அந்தக் காலத்தில் களைக்கு அடித்தது சோடியம் ஆர்சனைட். நஞ்சுதான், ஆனால் உப்புக் கரிக்கும். மாடு அதை விரும்பி நக்கும். லட்சுமியும் ஆசையாகத் தின்றது. இரவெல்லாம் கழிந்தது, நிற்க முடியாமல் தள்ளாடியது. பொழுது விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அப்பா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் மனம் ஆறியிருக்கும். தொழுவத்தில் ஒரு வயதுக் கிடாரி மட்டும் மிஞ்சியது. அது பால் தர இன்னும் இரண்டு வருடமாகும். அக்கா படிப்பை விட்டுவிட்டு வந்து, அம்மாவோடு வெட்டுக் காட்டுக்குப் போனாள். ஒரு நாள்கூட என்னைக் குறை சொன்னதில்லை. அன்றைய தேதிக்கு நோட்டுப் புத்தகத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை. அந்தப் பக்கம் இன்றும் வெறுமையாகவே இருக்கிறது.

பிற்காலத்தில் ஈப்போவுக்குக் குடிவந்த பிறகு ஒரு செய்தி படித்தேன். நியூசிலாந்தில் பால் பண்ணைக்காரர்கள் வாரந்தோறும் புல்வெளியில் நடந்து, தட்டு பொருத்திய ஒரு கோலால் புல்லின் உயரத்தை அளந்து எழுதி வைப்பார்களாம். ரை புல்லில் ஒரு தண்டுக்கு மூன்று இலை வரும் நேரமே மேய்ச்சலுக்கு ஏற்றதாம். அதைத் தாண்டினால் அடி இலை காய்ந்து வீணாகுமாம். நாம் கடையில் வாங்கும் பால்மாவு டின்னுக்குள் இருப்பதும் இப்படிப்பட்ட புல் கணக்குத்தான். படித்ததும் எனக்கு மூங்கில் குச்சியின் ஞாபகம் வந்து கண் கலங்கியது.

இன்று எங்கள் தோட்டத்தில் ரப்பர் இல்லை, செம்பனைதான். லயமும் இல்லை. பாராகுவாட் என்ற கொடிய களைக்கொல்லியையும் 2020-ஆம் ஆண்டு தொடக்கத்தில் நம் நாட்டில் தடை செய்துவிட்டார்கள். ஆனாலும் மருந்து அடிப்பது நின்றபாடில்லை.

ஆகவே, ஒரு மாடோ இரண்டு ஆடோ வளர்க்கும் அன்பர்களே, புல் அறுக்கும் முன் அங்கே என்ன அடித்தார்கள், எப்போது அடித்தார்கள் என்று வாய் திறந்து கேளுங்கள். பச்சையாக இருப்பதெல்லாம் தீனி அல்ல. ஒரு குச்சியில் மூன்று வெட்டுப் போடுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். அப்படியே, அந்தக் கணக்கில் யாருடைய படிப்பு அடங்கியிருக்கிறது என்பதையும் அவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.